சன்பேக் பலகையும் சித்திரை வெயிலும்

எங்கள் தெரு நூல்நிலையத்தின் வாசலில் தை மாதம் கட்டிய சன்பேக் பெயர்ப்பலகை, சித்திரை கழிவதற்குள்ளாகவே சிவப்பெழுத்துக்கள் வெளிறி, மூலைகள் பிளந்து, துவாரங்கள் கிழிந்து ஒற்றைக் கம்பியில் தொங்கலாயிற்று. அச்சிட்டுக் கொடுத்த கடையில் காரணம் கேட்டபோது, "வெயில் சார்" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கியிருப்பது என்னவென்று அறியும் ஆவலினால், மதுரையில் நெடுங்காலமாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துவரும் ஒரு பெரியவரின் பட்டறைக்கு ஒருநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன்.

எட்டடிக்கு நாலடியாக வரும் சன்பேக் ஷீட்டுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு இடையே நெருங்க நெருங்கக் குறுக்குச் சுவர் வைத்ததுபோல நெடுகக் குழல்கள் ஓடும் இந்தப் பண்டம் பாலிபுரொப்பிலீனால் ஆனது. அதற்குச் சூரியனுடைய புற ஊதாக் கிரணங்களே பரம சத்துரு. அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கரியணுவில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடுவதால், அவ்விடத்தில் பிராணவாயு புகுந்து சங்கிலியையே அறுத்துவிடுகிறது. வளைத்தால் வளைந்துகொடுத்த தகடு அப்பளமாக நொறுங்குவது இதனால்தான். இதைத் தடுக்கும் மருந்து கலந்த ஷீட்டும் உண்டு.

"கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார், வெலையிலதான் வித்தியாசம்" என்றார் பெரியவர்.

அச்சிடுவதற்கு முன் அவர் ஷீட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்தாகத் திரண்டு நின்றது. உடனே அந்த ஷீட்டை ஒதுக்கிவிட்டார். மை பற்றுவதற்காக ஆலையிலேயே மின்பொறியால் பக்குவம் செய்த மேற்பரப்பில் நீர் பரவ வேண்டும் என்பதும், அந்தப் பக்குவம் கிடங்கில் நாட்பட நாட்பட மங்கிவிடும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. பாலிபுரொப்பிலீனுக்கென்றே உள்ள பிபி இங்க் அல்லாத வேறு மையைத் தொடவே மாட்டாராம். அடித்து உலர்ந்த எழுத்தின்மேல் பிளேடால் கட்டம் கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்த பிறகே அடுத்த பலகைக்குக் கை போயிற்று.

பிறகு மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே கைப்பிடிச் சுவர் நெடுக, பல நிறங்கள் அடித்த துண்டுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆணியால் ஒரு தேதி கீறியிருந்தது. "மார்க்கர்ல எழுதுனா அதுவும் வெளுத்துருது சார்" என்றார். மஞ்சளும் ரோஜாச் சிவப்பும் அடையாளமின்றிப் போயிருக்க, கரிப்புகையால் ஆன கறுப்பும் தாலோசயனின் நீலமும் திடமாக நின்றன. நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு பூசிய துண்டில் சிவப்புக்கூட ஓரளவு உயிரோடிருந்தது. எந்தப் புஸ்தகமும் பாராமல், வெயிலையே ஆசானாகக் கொண்டு அந்த மனிதர் நடத்திவரும் பரீட்சையின் முன் நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பலகையின் சேதத்துக்கு வெயில் மட்டும் காரணமன்று என்பதும் அவர் பேச்சில் தெரிந்தது. குழல்கள் படுக்கைவசமாக இருந்ததால் மழைநீரும் தூசியும் உள்ளே தங்கிப் பாசி படர்ந்திருந்தது. குழல் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மேல்விளிம்பை டேப் ஒட்டி மூடி, கீழ்விளிம்பைத் திறந்தே விட வேண்டும். காற்றில் மடங்காதிருக்கப் பின்னால் இரண்டு மரச்சட்டம் கொடுக்க வேண்டும். துவாரத்தை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி ரிங் அடித்தால்தான் கிழியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஷீட்டு, முப்பது டிகிரி சூடு ஏறும்போது மூன்று நான்கு மில்லிமீட்டர் நீள்கிறபடியால், கட்டு சற்றே தளர்ந்திருக்க வேண்டும். கட்டுக்கம்பி துவாரத்தை அறுக்கும், கறுப்புப் பிளாஸ்டிக் டேக் நல்லது. வெள்ளை டேக் வெயிலில் சீக்கிரம் முறிந்துவிடும்.

இவற்றில் ஒன்றுக்கும் பெருஞ்செலவில்லை. எழுத்தைக் கறுப்பிலும் நீலத்திலும் அமைத்துப் புதிய பலகையைச் செய்து முடித்த பெரியவர், "மேக்குச் செவுத்துல கட்டாதீங்க சார், சாயங்கால வெயில் கொன்னுரும். தாழ்வாரத்துல வடக்குப் பாத்து கட்டுங்க. தின்னர் போட்டுத் தொடைச்சுராதீங்க, சோப்புத் தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டு, ஆணியை எடுத்து அதன் பின்புறத்தில் அன்றைய தேதியைக் கீறிக் கொடுத்தார்.