பூவிலே விற்ற மரம்

எங்களுக்குப் பெருநாள் இரண்டு. மல்வானைக்காரருக்கு மூன்று என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மூன்றாவது, றம்புட்டான் காலம். பழம் சிவக்கத் தொடங்கினால் ஊர் ஊராக இருக்காது. வீதியோரமெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கொழும்பிலிருந்து உறவுக்காரர் வாகனம் பிடித்து வருவர். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கூடை போகாவிட்டால் ஒரு வருடத்துக்குப் பேச்சு வாங்க வேண்டும். வகுப்பில் பின்வரிசை காலியாகிவிடும். இரவெல்லாம் வௌவாலுக்குத் தகரம் தட்டிய பையன் காலையில் எப்படி வருவான்? இடாப்பில் அவனுக்குச் சிவப்பால் கீறும்போது எனக்குச் சிரிப்பு வரும். நானும் தட்டியவன்தான்.

‘றம்புட்’ என்றால் மலாய் மொழியில் முடி. அந்த முடி முளைத்த பழத்தில் எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ‘மல்வானை ஸ்பெஷல்’ என்றோர் இனம் உண்டு. போர்த்துக்கேயத் தளபதி அசவேது இருந்து ஆண்ட ஊர் என்பது வரலாறு படித்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குப் பழம்தான் ஊர்.

இந்தப் பெருநாளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மரம் பூத்ததுமே வியாபாரி வந்து அண்ணாந்து பார்ப்பார். தொகை பேசுவார், காசு கைமாறும். அதன்பின் காவல், வலை, பறிப்பு, லாபம், நட்டம் எல்லாம் அவருடையது. வாப்பா அப்படித்தான் விற்றார். அவர் மௌத்தான பின் நானும் விற்றேன். பக்குவம் தெரியுமுன் பழத்தை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஆசிரிய கலாசாலையில் படித்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியவன் நான்.

2016இல் ஏழு மரங்களை 35,000 ரூபாவுக்கு ஊர் நானா ஒருவருக்குக் கொடுத்தேன். மே நடுப்பகுதியில் களனி கங்கை பெருகியது. தண்ணீர் வடிந்து வந்து பார்த்தபோது மரங்கள் நின்றன, காய்கள் சேற்றில் கிடந்தன. அந்தக் காசில் வாங்கிய மெத்தையும் சேற்றில்தான் ஊறிக் கிடந்தது.

நானா வந்தார். “என்ன செய்ற மாஸ்டர், அல்லாஹ்ட நாட்டம்” என்றவர், வாளியை எடுத்து என் வீட்டைக் கழுவத் தொடங்கினார். காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வாதாடியிருப்பேன்.

நோன்பு விடுமுறைக்கு முந்திய கிழமை, பத்தாம் தரத்தில் கொடுக்கல் வாங்கல் பாடம். “சேர், வெள்ளத்தில பழம் போனா காசு யாருக்கு?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் நானாவின் பேத்தி அல்ல. அப்படி இருந்தால் கதை இன்னும் அழகாக இருந்திருக்கும். அழிவு வந்த பழத்துக்குச் சகோதரனின் காசை எடுப்பது ஆகாது என்ற, ஜாபிர் (ரலி) அறிவித்த ஹதீஸின் கருத்தைக் கரும்பலகையில் எழுதினேன். எழுதிய கை நடுங்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பெருநாளுக்கு முதல் நாள் 15,000 கொண்டுபோனேன். நானா மறுத்தார். “கொண்டு வந்தத வாங்குங்களேன்” என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அந்த வீட்டில் பெருநாள் உடுப்பு எடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மீதியைக் கொடுத்து முடிக்க அடுத்த மார்ச் ஆயிற்று. மரம் மீண்டும் பூத்திருந்தது. நானா அண்ணாந்து பார்த்தார்.

“செவக்கட்டும் நானா, அப்ப பேசுவோம்.”

“அதுக்குள்ள வேற ஆள் வந்தா?”

“வேற ஆளுக்கு இல்ல.”

அவர் நம்பினாரோ என்னவோ. சிவக்கும்வரை இரவில் தகரம் தட்டும் வேலை என் தலையில் விழுந்தது. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது கொட்டாவி விட்டேன். பின்வரிசையில் வந்திருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.