நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு வாருங்கள்

ரொறன்ரோவில் முதல் பனி விழுகிற காலையில், நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒக்ரோபர் முழுக்கச் சொல்லிப் பார்த்தோம். அப்போது வந்தவர்கள் கொஞ்சப் பேர். தரை வெளுத்ததும் ஸ்காபரோ முழுவதற்கும் ஒரே நாளில் குளிர்கால டயர் பூட்டியாக வேண்டும். டிக்கியில் இரண்டு, பின்னிருக்கையில் இரண்டு என்று அடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கராஜில நிக்கிறான்" என்று அம்மா சொல்லுவா. டயர் பூட்டுகிறவன் என்று சொல்ல அவவுக்கு மனம் வராது. அதனாலேயே இந்த மடலை அந்த வேலையைப் பற்றி எழுத நினைத்தேன்.

வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விறைத்த ரப்பர் தரையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் கலவையே வேறு, உறைகுளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். எங்கள் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. 2016 முதல் காப்புறுதிக் கழிவு உண்டு, அவ்வளவுதான். இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் எனக்கு டயரைவிட நட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

பனிக்காலத்தில் தெருவெங்கும் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவே புகுந்து துருவை ஏற்றிவிடும். சில்லைக் கழற்றியதும் கம்பித் தூரிகையால் அந்தத் துருவை உரஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் பூட்டினால் அன்றைக்கு எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓடத் துரு நொறுங்கி உதிரும், அது உதிர்ந்த அளவுக்கு நட்டின் பிடி தளரும். நட்டை இறுக்கும்போது அது ஏறியிருக்கிற ஆணி மயிரிழை அளவு நீள்கிறது. மறுபடி சுருங்கப் பார்க்கிற அந்த இழுப்புத்தான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் இறுக்கினால் ஆணி அளவுக்கு மிஞ்சி நீண்டு, அந்த இழுப்பே செத்துப்போகும். ஆகவே முதலில் விரலால் ஏற்ற வேண்டும். பிறகு வட்டமாகச் சுற்றிப் போகாமல், நட்சத்திரம் கீறுவது போல எதிரெதிராக இறுக்க வேண்டும். காரைத் தரைக்கு இறக்கியபின் டார்க் ரெஞ்சால் அளவு பார்க்க வேண்டும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு 80 அடி-இறாத்தல் வரும், பெரிய பாரவூர்திக்கு 450 முதல் 500 வரை போகும். அளவை எட்டியதும் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்காமல் கார் வெளியே போகக் கூடாது.

என் மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு வான் அப்படிப் போனது. இரவு ஏழு மணி, வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று சில்லுக்கு ரெஞ்ச் வைத்துவிட்டேன். நாலாவதுக்குப் போகும்போது தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அந்தப் பெண் வந்து "ஏதோ தட்டுகிற சத்தம்" என்றார். இரண்டு நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. பின்னால் குழந்தை இருக்கை பூட்டியிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இருக்கையின் நீல நிறம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

1990களின் நடுவில் இந்த மாகாணத்து நெடுஞ்சாலைகளில் பாரவூர்திகளின் சில்லுகள் கழன்று பறந்து, வேறு வாகனங்களில் வந்தவர்களைக் கொன்றன. 1997இல் சட்டம் வந்தது. ஓடும்போது பாரவூர்தியின் சில்லு கழன்றால் அதை நடத்துகிற நிறுவனத்துக்கு 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். 'கவனமாகத்தான் பார்த்தோம்' என்கிற வாதமே எடுபடாது. கடுமையான சட்டம் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

போன கிழமை ஒரு ஐயா வந்தார். எங்கேயோ மலிவாக வாங்கிய பழைய டயர் நாலு. பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 3811. 2011ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது. விளிம்பெல்லாம் வெடிப்பு.

"தம்பி, பள்ளம் நல்லாத்தானே கிடக்கு?"

"பள்ளம் கிடக்கு ஐயா. ரப்பர் செத்துப்போச்சு."

பென்சன் காசில் வாங்கியிருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவதும் அவர்தான். விற்றவன்மேல் வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, பூட்ட மாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. உள்ளே தேடி, அரைவாசி தேய்ந்தாலும் 2021இல் செய்த ஒரு செட்டைக் குறைந்த விலையில் கொடுத்தேன். வவுனியாவிலிருந்து புதிதாக வந்த பொடியன் ஒருவன் என்னோடு நிற்கிறான். அவனையே பூட்டவிட்டேன். ஒவ்வொரு 'டிக்'குக்கும் சத்தமாக எண்ண வேண்டும் என்பது நான் அவனுக்குப் போட்ட சட்டம். இருபது வரை எண்ணினான்.

"நூறு கிலோமீற்றர் ஓடிட்டு ஒருக்கா வாங்கோ ஐயா, திரும்ப இறுக்கிப் பாக்கோணும். காசில்லை."

எல்லாருக்கும் இதைச் சொல்கிறோம், பற்றுச்சீட்டிலும் அச்சடித்திருக்கிறோம். திரும்பி வருகிறவர்கள் மிகச் சிலர்.

ஐயா செவ்வாய்க்கிழமை வந்தார். 112 கிலோமீற்றர் ஓடியிருந்தார். பொடியன் ரெஞ்சை எடுத்துக்கொண்டு குந்தினான். பத்தொன்பது நட்டும் தொட்ட உடனேயே 'டிக்' என்றன. பின் இடப்பக்கச் சில்லின் கடைசி நட்டு மட்டும் ஒரு விரலகலம் நகர்ந்து, அதற்குப் பிறகுதான் சத்தம் தந்தது.

"கண்டீங்களோ ஐயா" என்றான் பொடியன். அவர் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தார்.