காவேரிப்பட்டினத்துக் காட்டுக் கடுகு

காவேரிப்பட்டினம் என்றதும் பலருக்கும் கடல் கொண்ட பூம்புகாரே நினைவுக்கு வரும். நாம் சொல்லப் புகுவது வேறோர் ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் வழியில், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் இது. பெயரில் காவேரி இருப்பினும் ஊரை வாழவைப்பது தென்பெண்ணையே. 1767ஆம் ஆண்டு, முதல் மைசூர்ப் போரின்போது, ஹைதர் அலியின் படை இங்கிருந்த கோட்டையை முற்றுகையிட்டு ஆங்கிலேயரிடமிருந்து மீட்டது. இன்று இவ்வட்டாரத்திற்குப் பெயர் வாங்கித் தருபவை மாந்தோப்புகளும் மாம்பழக்கூழ் ஆலைகளும் ஆகும்.

வரலாற்றையும் மாம்பழத்தையும் தேடி வருவோர் கண்ணில் படாத ஒரு செல்வமும் இங்கு உண்டு. முதல் மழை விழுந்து, கேழ்வரகு விதைத்த நிலங்கள் பசுமை கட்டும் நாளில், வரப்பிலும் பாதையோரத்திலும் குப்பை மேட்டிலும் யாரும் விதைக்காமலே ஒரு செடி தலைகாட்டுகிறது. மஞ்சள் நிறத்தில் நான்கு இதழ்ப் பூ. கடுகுக்காய் போலவே நிமிர்ந்து நிற்கும் மெல்லிய நெடுங்காய். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் தண்டு. கசக்கினால் காரமான நெடி. இதுவே நாய்க்கடுகு, அல்லது நாய்வேளை.

மூன்று மொழிகள் கலந்து பழகும் எல்லைப் பகுதி இது. தமிழர் நாய்க்கடுகு என்பதைக் கன்னடர் ‘நாயி சாசிவெ’ என்கின்றனர், பொருள் அதுவேதான். தெலுங்கர் ‘குக்க வாமிண்ட’ என்பர். அங்கும் நாய் விடவில்லை! மனிதன் பயிரிட்டால் கடுகு. தானே முளைத்தால் நாய்க்கடுகு. நம் மதிப்பீடு அவ்வளவுதான்.

அறிஞர்களோ இச்செடிக்கு உயர்ந்த உறவைக் கண்டுள்ளனர். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 1998இல் வகுக்கப்பட்ட தாவரப் பகுப்பு முறை, வேளைச் செடிகளைக் கடுகுக் குடும்பத்திலேயே சேர்த்தது. 2009இல் அவை தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டன. எனினும் கடுகுக்கு மிக நெருங்கிய உறவு என்ற தகுதி அவற்றிற்கு நிலைத்துவிட்டது. நம் முருங்கையும், நாம் மிஸ்வாக் குச்சி ஒடிக்கும் உகாய் மரமும்கூட இதே பெரும் வரிசையைச் சேர்ந்தவை. மிஸ்வாக்கை மென்றால் நாவில் படும் காரமும், கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரமும் ஓரினப் பொருள்களே.

அந்தக் காரம் பிறக்கும் விதமும் சிந்திக்கத்தக்கது. முழுக்கடுகில் நெடி இல்லை. காரத்தின் மூலப்பொருள் ஓர் அறையிலும், அதனை உடைக்கும் நொதி வேறோர் அறையிலுமாக விதைக்குள் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பூச்சி கடித்தாலோ அம்மி அரைத்தாலோ சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. அப்போதே காரம் எழுகிறது. கொதிக்கும் எண்ணெயில் முழுக்கடுகைப் போட்டால் நொதி வெந்து செயலிழக்கிறது. தாளிதத்தில் காரமின்றி மணம் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். அணுவளவு நன்மையும் தீமையும் தப்பாது என்பதை உணர்த்தத் திருக்குர்ஆன் அல்அன்பியா, லுக்மான் ஆகிய அத்தியாயங்களில் கடுகு விதையின் எடையையே அளவாகக் காட்டுகிறது. அச்சிறு விதைக்குள் இத்தனை ஏற்பாடு!

கேழ்வரகுக் கொல்லையொன்றின் ஓரமாக இச்செடியைப் பார்த்து நின்றபோது, களை பறித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்தார்.

“பாய், அத கிள்ளாதீங்க. கையெல்லாம் ஒட்டும், கசக்கும். இதோ, வெள்ளப் பூ பூத்திருக்கே, இதுதான் களிக்கு ஆகும்” என்றார்.

அவர் காட்டியது நல்வேளை. தைவேளை என்றும் சொல்வர். ஐந்து விரல் விரித்தாற்போன்ற இலை, வெண்மையான பூ, பூவின் நடுவிலிருந்து நீண்டெழும் காம்பின்மேல் மகரந்தத் தாள்கள்.

“எப்படிச் சமைப்பீர்கள், அம்மா?”

“பூ வைக்கறதுக்கு முந்தி கொழுந்தா கிள்ளணும். ஒரு கொதி வேகவெச்சு அந்தத் தண்ணிய வடிச்சுடணும், கசப்பு போயிடும். அப்புறம் பருப்பு, பூண்டு, பச்சமிளகா போட்டு மத்தால கடைஞ்சா களிக்கு வேற என்ன வேணும்?”

“வீட்டில் பிள்ளைகள் உண்கிறார்களா?”

“எங்க பாய்! பேத்தி விடியறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸுல ஓசூருக்குப் போறா. அவளுக்கு இது புல்லு.”

அச்சொல்லில் ஒரு தலைமுறையின் கதை அடங்கியிருந்தது. இவ்வட்டாரத்தில் கேழ்வரகை மட்டும் தனியே விதைக்கும் வழக்கம் அன்று இல்லை. இடையிடையே அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு என்று சால் விடுவர். கடுகு இளசாக இருக்கையில் கீரை. முற்றினால் தாளிதத்திற்கு விதை. களையெடுக்கும் பெண்கள் மடி நிறையக் கலவைக் கீரையுடன் வீடு திரும்புவர். எல்லைக்கு அப்பால் கன்னடர் அதனை ‘பெரகெ சொப்பு’ என்று போற்றுகின்றனர். பிறகு பல கொல்லைகள் மாந்தோப்பாயின. களை பறிக்கும் கைகளின் இடத்திற்குக் களைக்கொல்லி வந்தது. செடி போனதோடு, அதை இனங்காணும் கண்ணும் போகிறது.

காட்டுக்கீரை உண்பதை இழிவாகக் கருதும் மனம் இன்று தோன்றியதன்று. சிறுபாணாற்றுப்படையில் வறிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையைப் பறித்து, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவடைத்து உறவினரோடு உண்ணும் காட்சி வருகிறது. இதே நல்வேளை இன்று கென்யாவில் சந்தைக் கீரை. விதை தேர்ந்து பயிரிட்டு, கசப்பு தணியப் பால் சேர்த்துச் சமைத்து விருந்தினருக்குப் படைக்கின்றனர். நாம் தள்ளும் நாய்க்கடுகின் விதையோ இமயச் சாரலில் கட்வால், குமாவுன் பகுதிகளில் ‘ஜக்கியா’ என்ற பெயரில் விலைபோகிறது. உருளைக்கிழங்குக்கும் கீரைக்கும் அவ்விதையே அங்குத் தாளிதம்.

எனினும் ஆர்வ மிகுதியால் கண்டதையெல்லாம் பறித்துவிடலாகாது. இரண்டு எச்சரிக்கைகளை நம் இல்லத்தரசிகள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது பிரமதண்டு. இதே வரப்புகளில், இதே மஞ்சள் பூவோடு நிற்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. இலையில் முள்ளும் வெண்ணரம்பும் இருக்கும். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். காய் முள் நிறைந்தது. ஆனால் விதையைத் தனியே கண்டால் கடுகென்றே தோன்றும். 1998இல் தில்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 3,000 பேர் கால் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நாடினர். ஆகவே, செடியைப் பார்க்காமல் கொல்லை விதையைக் கடுகெனச் சேர்த்து வைப்பது கூடாது.

இரண்டாவது, செடி நிற்கும் இடம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் புறநகர்க் கழிவுகளைச் சுமந்து, ஓசூரைக் கடந்தே தென்பெண்ணை இங்கு வருகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கிய செய்தி பன்முறை வெளிவந்துள்ளது. கடுகுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்துக்கொள்ளும். கெட்ட நிலத்தைத் தூய்மைப்படுத்தக் கடுகை விதைத்துப் பார்க்குமளவிற்கு அறிஞர் இக்குணத்தை அறிந்துள்ளனர். நிலத்திற்கு மருந்தாவது நம் தட்டிற்கு நஞ்சாகலாம். நெடுஞ்சாலை ஓரம், ஆலைக் கழிவுநீர் ஓடை, மருந்தடித்த தோப்பு ஆகிய இடங்களில் எந்தக் கீரையையும் பறியாதிருப்பதே அறிவுடைமை.

வீட்டுக் கொல்லையில் ஒரு மூலை போதும். முற்றிய நல்வேளைக் காயைக் கொணர்ந்து விதையைத் தூவலாம். புதிதாக உதிர்ந்த விதை உடனே முளைப்பதில்லை. சில மாதங்கள் உறங்கியே எழும் என்பதால் பொறுமை வேண்டும். ஒருமுறை வேரூன்றி, இரண்டு செடிகளைக் காய்க்க விட்டுவிட்டால், ஆண்டுதோறும் மழை தானே அழைத்து வரும்.

காவேரிப்பட்டினம் பக்கம் செல்லும் வாசகர்கள் மாம்பழம் வாங்குவதோடு நில்லாமல், மழைக்காலக் கொல்லையொன்றில் சற்று இறங்கிப் பார்க்கட்டும். உடன் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லட்டும். எது களிக்கு ஆகும், எது தாளிதத்திற்கு ஆகும், எது உயிரைக் குடிக்கும் என்று காட்டித் தருவதற்கு, அங்குக் களை பறிக்கும் முதிய பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.