பரளிக்காட்டில் ஒரு பகல்

உல்லாசப் பயணம் என்றாலே முதல் நாள் இரவு புளியோதரை கிளற வேண்டுமே என்று அலுத்துக்கொள்ளும் சகோதரியா நீங்கள்? அப்படியானால் பரளிக்காட்டுக்குப் புறப்படுங்கள்! கோவையிலிருந்து காரமடை வழியாகச் சுமார் 70 கிலோ மீட்டர். வனத்துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பில்லூர் அணையில் தேங்கி நிற்கும் பவானியில் பரிசல் மெல்ல நகர்கிறது. துடுப்பின் சளக் சளக்கைத் தவிர வேறு ஓசை இல்லை. கைபேசிப் பாட்டை நிறுத்திவிடுங்கள். யானை நீர் குடிக்க வருகிற கரை அது!

மத்தியானம் மலைக் கிராமத்துப் பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். ராகிக் களியை வேண்டாமென்று ஒதுக்காதீர்கள், மறுபடி கேட்பீர்கள். நாம் கட்டும் பணத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்பும் எரிகிறது. பிறகு, குழந்தைகளும் சிணுங்காமல் நடக்கக்கூடிய சிறு காட்டு நடை. அத்திக்கடவில் ஆற்றுக் குளியல். இரவும் தங்க ஆசையா? பக்கத்திலேயே பூச்சமரத்தூரில் வனத்துறை விடுதி இருக்கிறது. மாற்றுப் புடவையை மட்டும் மறந்துவிடாதீர்கள்!