பை இல்லை, ஆனால்...

மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, கட்டி போய்விட்டது, வயிற்றில் பையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த மனிதர் மட்டும் கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறார். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் முந்தின இரவே சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார். ஏன் என்று மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. இப்படிப் பலர் இருக்கிறார்கள்.

1908-ல் லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த முறையில், மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிடுவார்கள். அதன்பின் ஆயுள் முழுக்க வயிற்றில் போட்ட துளை வழியாகத்தான் மலம் வரும். பின்னாளில் அறுவை முறைகள் தேறின. நோய் திரும்ப வருவது குறைந்தது. பலருக்கு ஆசனவாயும் தப்பியது. மலக்குடலை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலைக் கீழே இழுத்து இணைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் என்ன கஷ்டம்? மலக்குடல் வெறும் குழாய் இல்லையே! நேரம் வரும்வரை மலத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. வந்திருப்பது காற்றா, மலமா என்று பிரித்தறிவதிலும் அதற்குப் பங்குண்டு. இழுத்து இணைத்த பெருங்குடலுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் போய்விட்டு வந்த சற்று நேரத்தில் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. அடக்க முடியாத அவசரம், சில சமயம் கசிவு. கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம்.

2012-ல் டென்மார்க் மருத்துவர்கள் இதை அளக்க ஐந்தே கேள்விகள் வெளியிட்டார்கள். காற்றை அடக்க முடிகிறதா, நீர்த்த மலம் கசிகிறதா, நாளைக்கு எத்தனை தடவை, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, ஓட வேண்டியிருக்கிறதா. மொத்தம் 42 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான பாதிப்பு.

வழிகளும் இருக்கின்றன. இசப்கோல், டாக்டர் சொல்லும் அளவில் லோபரமைடு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவும் முறை. முதல் ஓரிரு வருடங்களில் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறையாமல் போய், பையே மேல் என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அது தோல்வி இல்லை. வெளியே நடமாட முடிந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

"உயிர் பிழைத்ததே பெரிசு, இதையெல்லாமா சொல்வது?" என்று வாயை மூடிக்கொள்வதில்தான் வருடங்கள் வீணாகின்றன. அடுத்த செக்கப்பில் டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் சொல்லிவிட வேண்டும். கூடப் போகிறவர்களாவது கேட்கலாமே!