கடிகாரத்தில் எத்தனை பேர் கை?

பணி ஓய்வு பெற்ற பிறகும் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் என்னை விடுவதில்லை. அண்மையில் ஒரு தம்பி மாலை நேரத்தில் போன் பண்ணினார். "சார், சர்வர்ல டைம் ஆறு நிமிஷம் முன்னால ஓடுது. யாரும் லாகின் பண்ண முடியல."

முடியாதுதான். அங்கே உள்நுழைவைக் கவனிப்பது கெர்பரோஸ். இரண்டு கணினிகளின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அது கதவைத் திறக்காது.

"கையாலயே சரியான டைம் வெச்சுப் பாத்துட்டேன் சார். ஒரு நிமிஷத்துல மறுபடி பழைய மாதிரியே ஓடுது."

என் வாலிபத்தில் இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் "ரீபூட் பண்ணு" என்றிருப்பேன். எந்த நோய்க்கும் அதே கஷாயம்தான் அப்போது எனக்கு. இப்போது வயதாகிவிட்டதால் கேள்வி கேட்கப் பழகியிருக்கிறேன். கெட்டுப்போன கடிகாரம் மெல்லத்தான் பிசகும்; ஒரே நிமிடத்தில் ஆறு நிமிடம் தாவாது. யாரோ அதை வேலையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். "தம்பி, அந்த மெஷின்ல டைம் மாத்துற உரிமை யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டேன்.

முதலில் அதில் குரோனி என்ற நேரம் திருத்தும் நிரல் இருந்தது. அது சரியாக வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகத்தில் தம்பி அதே வேலையைச் செய்யும் என்டிபிடியையும் நிறுவியிருந்தார். அந்த மெஷினின் லினக்ஸில் ஒன்றை எழுப்பினால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மற்றதை நிறுத்திவிடும். அவர் மாற்றி மாற்றி எழுப்பிக்கொண்டிருந்தார், பாவம். இந்த இரண்டுக்கும் மேலே மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அந்த மெஷின் ஒரு மெய்நிகர் கணினி. அதைச் சுமக்கும் பெரிய சர்வர் நிமிடத்துக்கு ஒரு முறை தன் நேரத்தை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தது. குரோனி பின்னுக்கு இழுக்க, அது முன்னுக்குத் தள்ள, நடுவில் கடிகாரம். எல்லாருமே நேரத்தைச் சரிசெய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது கணினிக்கு மட்டும் வந்த வியாதியில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. பம்பாயில் ஊர் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் ஏறக்குறைய அரை மணி வித்தியாசம். 1906-இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்த பிறகும் பம்பாயும் கல்கத்தாவும் பல ஆண்டுகள் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஊர்களில் ரயிலைத் தவறவிட்டவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பரிதாபமாகவும் இருக்கிறது.

என்டிபிடியை எடுக்கச் சொன்னேன். பெரிய சர்வர் நேரத்தைத் திணிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். தம்பிக்கு மனசில்லை. "ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே சார்" என்றார். பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைத் தேட வேண்டிய இடம் வேறு. குரோனிக்கு நான்கு நேர சர்வர்களைக் கொடுக்கச் சொன்னேன். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும் அதில் ஒன்று. இரண்டே இரண்டு இருந்து அவை முரண்பட்டால், பொய் சொல்வது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான்கு இருந்தால் ஒன்று பிசகினாலும் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். நாலு பேரிடம் கேட்கலாம். முள்ளைத் திருப்புகிறவர் ஒருவராக இருக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் லாகின் வேலை செய்தது. ஆனால் பெரிய சர்வர் ஏன் ஆறு நிமிடம் முன்னால் போனது? தோண்டிப் பார்த்தபோது, அது நேரம் கேட்டுக்கொண்டிருந்த முகவரியில் இருந்த பழைய சர்வரை ஒரு வருடத்துக்கு முன்பே கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது தெரிந்தது. பதில் வராத இடத்தில் கேட்டுக்கொண்டே, நாளுக்கு ஒரு நொடி வீதம் அது தனியாக முன்னே நகர்ந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஆறு நிமிடம்தான்.

முகவரியை மாற்றிய கையோடு, அந்த ஆறு நிமிடத்தையும் ஒரே தாவலில் பின்னுக்குத் தள்ளத் தம்பி தயாரானார். நான்தான் தடுத்தேன். நேரம் திடீரென்று பின்னால் போனால் அதில் ஓடும் டேட்டாபேஸ் குழம்பும். நடந்து முடிந்தது இனி நடக்கப்போவதாகப் பதிவாகும். கணினிகள் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும் இந்த நெறிமுறையை 1985-இல் முதலில் எழுதி வெளியிட்ட டேவிட் மில்ஸ் இதற்கும் வழி வைத்திருக்கிறார். தாவாமல், கடிகாரத்தின் வேகத்தைத் துளி குறைத்துக் கரைப்பது. ஒரு நொடி கரையவே அரை மணிக்கு மேல் ஆகும்.

"அப்ப ஆறு நிமிஷத்துக்கு?"

"எட்டு நாளுக்குக் கொஞ்சம் மேல. லாகின்தான் சரியாயிடுச்சே, இதுக்கு என்ன அவசரம்?"

ஒன்பதாம் நாள் போன் வந்தது. சரியாகிவிட்டதாம். கூடவே, கழற்றிய பழைய சர்வரிடம் வேறு எந்தெந்த மெஷின்கள் இன்னும் நேரம் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று ஒரு பட்டியலும் எடுத்து வைத்திருந்தார். அதை நான் சொல்லவில்லை.