பெரிய ரயரும் பின் அச்சும்

ஜீப் வண்டியொன்றுக்குப் பெரிய ரயர் பூட்டினால் அதன் பின் அச்சையும் மாற்ற வேண்டுமா? முப்பது வருடங்களாக அரசியலும் பாராளுமன்றமும் எழுதிப் பழகியவன் நான். இப்படியொரு கேள்விக்குப் பின்னால் இரண்டு மாதங்கள் அலைய நேருமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கேட்டவர் காலமான நண்பரொருவரின் மகன். நண்பர் ஹப்புத்தளைப் பகுதியிலிருந்து எங்களுக்குச் செய்தி அனுப்பிய பிரதேச நிருபர். பிரதேச நிருபர்களுக்குப் பத்திரிகைகள் என்ன கொடுத்தன என்பதை இங்கு எழுதப்போனால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அவர் மகனுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து ஒரு லாண்ட்ரோவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வண்டி. 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட 'சீரிஸ் 3' ரகத்தைச் சேர்ந்தது. தோட்டத்துரையின் வாகனமாக வாழ்க்கையைத் தொடங்கி, 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதையும், 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கைக்குப் போனதையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. நண்பர் அதை வாங்கினார்.

இன்று அந்த வண்டி மேல் டிவிசன் லயன்களுக்கும் பட்டினத்துக்கும் இடையே ஓடுகிறது. ஏழு கிலோமீற்றர் தூரம். காலையில் பாடசாலைப் பிள்ளைகளும் மரக்கறி மூடைகளும். இரவில் தொலைபேசி ஒலித்தால் பெரும்பாலும் பிரசவ வலி கண்ட பெண்ணோ நெஞ்சைப் பிடித்துக்கொண்ட முதியவரோதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது அந்தப் பாதையின் பல இடங்களில் மண் அள்ளுண்டு பாறை வெளியே வந்துவிட்டது. அதன் பின்னர் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசாத நாளில்லை.

"மாமா, 7.50 ரயர் போட்டா ஏறிடும். ஆனா ரயர மட்டும் மாத்துனா அக்சில் தாங்காதுன்னு சொல்றாங்க. பண்டாரவளையில ஒரு கராஜுல 109 வண்டியோட அக்சில் கெடக்கு. ரெண்டையும் ஒன்னா செஞ்சிட்டா தொல்லையில்ல" என்றான். கடனாகக் கேட்டது மூன்று இலட்சம் ரூபாய். பத்திரிகைக்காரனுக்கு அது சிறிய தொகையன்று. கொடுக்கும் முன்னர் விடயத்தை விளங்கிக்கொள்ள விரும்பினேன்.

முதலில் ரயர். அவனது வண்டியில் இருப்பது 6.00-16. நிற்கும்போது குறுக்களவு ஏறக்குறைய 28 அங்குலம். 7.50-16 ஏறக்குறைய 32 அங்குலம். நான்கு அங்குலம் கூடுகிறது என்று கேட்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது இரண்டு அங்குலம்தான். மற்றப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது.

அந்த இரண்டு அங்குலத்துக்கு அச்சு கொடுக்கும் விலை என்ன? பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரக் கூட்டை மெக்கானிக்குகள் 'டிஃப்' என்பார்கள். அதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் இரண்டு உருக்குத் தண்டுகள் சுழற்சியைக் கொண்டுசெல்கின்றன. சக்கரம் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது அந்தத் தண்டு முறுக்கப்படுகிறது. சக்கரத்தின் ஆரை கூடினால், ரயர் வழுக்குவதற்கு முன்னர் தண்டு தாங்கவேண்டிய முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். 14 அங்குல ஆரை 16 ஆகும்போது ஏழில் ஒரு பங்கு அதிகம். பழைய லாண்ட்ரோவரின் 10 பல் தண்டுகளோ சிறிய ரயரிலேயே முறிவதற்குப் பெயர்போனவை. ஆகவே 'அக்சில் தாங்காது' என்று அவனிடம் சொன்னவர்கள் வெறும் கதை சொல்லவில்லை.

109 அங்குல வண்டியின் பின் அச்சுக்குச் சோல்ஸ்பரி என்று பெயர். அமெரிக்காவின் டானா 60 அச்சுக்கு இது இங்கிலாந்து உறவுக்காரன். கனத்த சாமான். பளு ஏற்றும் நீண்ட வண்டிக்காகவே போடப்பட்டது. பல்விகிதமும் ஏறக்குறைய அதே 4.7 என்பதால் முன் அச்சோடு முரண்படாது. காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது.

பண்டாரவளைக்கு நானே போனேன். மெக்கானிக் எழுபதைத் தாண்டிய சிங்களவர். தோட்டத் தொழிற்சாலையொன்றின் கராஜில் தொழில் பழகியவர். தோட்டத் தமிழை என்னைவிடச் சரளமாகப் பேசுகிறார். விற்பதற்கு அச்சை வைத்திருப்பவரும் அவர்தான் என்பதால், சற்றுச் சந்தேகத்தோடுதான் பேச்சைத் தொடங்கினேன்.

"பாஸ், இதைப் போட்டால் உடையாதா?" என்றேன்.

"இது உடையாது மாத்தயா. வேற ஏதாவது உடையும்" என்றார்.

பின் அச்சு பலமானால், அடுத்த பலவீனம் எங்கேயென்று வண்டி தானே தேடிக்கொள்ளும் என்பது அவருடைய விளக்கம். முன் அச்சு பழையதுதான். கியர்ப் பெட்டியும் பழையதுதான். தண்டு முறிந்தால் புதுத் தண்டு வாங்கலாம். கியர்ப் பெட்டி உடைந்தால் வண்டி ஒரு மாதம் கராஜில் நிற்கும். ஓடாத வண்டியால் அந்த லயன்களுக்கு என்ன பயன்?

அடுத்து அவர் காட்டியது எனக்கு முற்றிலும் புதிது. இந்த லாண்ட்ரோவரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது அச்சின் வெளிக்குழாயும் சக்கரக் குடமும்தான். உள்ளிருக்கும் தண்டு சுழற்றுவதோடு சரி. ஆகவே தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. வெளிப்புறத்தில் ஆறு போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிவிட்டு, நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் சக்கரங்களின் பலத்தில் மெதுவாக வீடு சேரலாம். டிஃபுக்குள் சிக்கிய துண்டை எடுக்கவேண்டுமென்றால், முழு டிஃபையும் பாதையோரத்திலேயே கழற்றலாம். சோல்ஸ்பரியில் அது முடியாத காரியம்; அதைத் திறந்து சரிசெய்யத் தனிக் கருவியும் தனிக் கையும் வேண்டும்.

எல்லா வண்டிகளும் இப்படியல்ல. அமெரிக்க ஜீப்புகள் பலவற்றில் வரும் டானா 35 அச்சில், சக்கரத்தைப் பிடித்துவைத்திருப்பதே அந்தத் தண்டுதான். அது முறிந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய ரயர் பூட்டுகிறவர் அச்சை மாற்ற வேண்டுமா என்று கேட்டால், ஆமென்று தயங்காமல் சொல்வேன். அங்கே அது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் என்னை உறுத்தியது ஏற்றமல்ல, இறக்கம். பெரிய ரயர் பற்றிப் பேசுவோர் எல்லோரும் மேலே ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நோயாளியோடு அந்தப் பையன் போவது கீழ்நோக்கி. குறைந்த கியரில் எஞ்சின் சுமார் 40 தடவை சுழன்றால் சக்கரம் ஒரு தடவை சுழலும். அந்த இழுவைதான் ஈரச் சரிவில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. ரயரைப் பெரிதாக்கினால் அந்த 40 ஏறக்குறைய 35 ஆனது போல. பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் தளரும். 88 வண்டிக்கு 10 அங்குல பிரேக் டிரம். 109 இற்கு 11. சோல்ஸ்பரி அச்சு தன் பெரிய டிரம்மையும் கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனால் அது பின்னுக்கு மட்டும். இறக்கத்தில் பாரம் முன்னே சாய்கிறது. முன்னே பழைய பிரேக், பின்னே பலமான பிரேக் என்றால் பின் சக்கரம் முதலில் இறுகி வழுக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்ற பாதையில் வண்டியின் பின்புறம் வீசினால் என்னவாகும் என்று எழுதத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் வேறு. அகன்ற ரயர் முழுத் திருப்பத்தில் வில்லில் உரசும். உரசாதபடி திருப்பத்தைக் குறைத்தால், இப்போது ஒரே வீச்சில் திரும்பும் வளைவில் பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டும். இன்னொன்று: சோல்ஸ்பரியின் டிஃப் உருண்டை பெரியது, கீழே தாழ்ந்து தொங்கும். ரயரால் கிடைத்த இரண்டு அங்குலத்தில் ஒரு பகுதியை, கல் இடிக்கும் அதே இடத்தில் அதுவே தின்றுவிடும்.

இவ்வளவையும் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஸ்டேஷன்ல எறங்குற வெள்ளக்காரங்க பெரிய ரயர் வண்டியத்தான் பாக்குறாங்க மாமா" என்றான். இதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இருக்கவில்லை. லிப்டன் ஆசனத்துக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் ஒரு நாள் ஓடினால் கிடைக்கும் பணம், லயன்களுக்கு ஒரு வாரம் ஓடினாலும் கிடைக்காது. இரவில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணிடம் அவன் டீசல் காசு மட்டுமே வாங்குகிறான் என்பதையும் அறிவேன். அதைச் சாத்தியமாக்குவது உல்லாசப் பயணிகளின் பணம்தான். தோற்றத்துக்காக ரயர் போடுகிறான் என்று பரிகசிப்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு இலகு.

கடைசியில் முடிவு இரண்டுக்கும் நடுவில் அமைந்தது. 7.00-16 ரயர், குறுக்களவு சுமார் 30 அங்குலம். சிறு லொறிகளுக்கும் இதே அளவு என்பதால் எந்தப் பட்டினத்திலும் கிடைக்கும். 6.00-16 கேட்டால் இப்போது கடைக்காரர் உழவு இயந்திரத்தின் முன் ரயரைத்தான் நீட்டுகிறார். வரி வரியாக ஓடும் அந்த ரயர் வயலுக்குச் சரி, ஈரப் பாறைக்கல்ல. பின் அச்சு மாற்றப்படவில்லை. இரண்டு பின் தண்டுகளும் புதிதாகப் போடப்பட்டன. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் லைனிங் மாற்றப்பட்டது. கேட்ட தொகையில் பாதிக்குச் சற்றுமேல் செலவாயிற்று. அச்சு விற்பனையாகாததில் மெக்கானிக்குக்கு வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. அதை 109 வண்டிக்காரர் எவராவது தேடி வருவார் என்றார்.

பாறை வெளியே வந்த இடங்களில் ஒன்றை லயன் இளைஞர்கள் சிரமதானமாகக் கல் அடுக்கி நிரப்பியிருக்கிறார்கள். மற்றொன்று இன்னமும் அப்படியே. அங்கே பயணிகள் இறங்கி நடக்கிறார்கள், நோயாளியை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி ஊர்ந்து கடக்கிறது. சாரதி ஆசனத்துக்குப் பின்னால் சாக்கில் சுற்றியபடி இரண்டு மேலதிகத் தண்டுகளும், அந்த ஆறு போல்ட்டுகளுக்கான சாவியும் இருக்கின்றன.